மாஸ்டரிடம் 'பிரேக்' என்று சொல்லாதே

"கையை எடுங்க. கியர் மேல என்ன கை?"

சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தன. மாஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரின் ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே வந்து, பக்கத்தில் நின்ற பஸ்ஸின் டிரைவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் பேப்பர் கப்பில் டீ. இன்னொரு கை பஸ்ஸின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், பச்சை விழுந்தாச்சு. போய்யா" என்றார் பஸ் டிரைவர்.

"பச்சை எனக்கும் தெரியுது. கியர் மேல கையை ஊனிக்கிட்டு ஓட்டினா பல் சக்கரம் தேஞ்சு போகும். பஸ் என்ன உங்க மாமனார் சீதனமா?"

காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி ஊரையே மிரட்டுகிறவர், இந்தக் காரில் ஏறினால் மட்டும் தன் வாயைத் திறக்க மாட்டார். ஹாரன் சத்தத்தில் வெலவெலத்து, கிளட்சைப் பட்டென்று விட்டார். கார் ஒரு குதி குதித்து நின்றது. மாஸ்டரின் தலை ஜன்னல் சட்டத்தில் மோதியது. டீ சட்டையில் கொட்டியது.

மாஸ்டர் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர்."

"சார்."

"இந்தப் பதட்டத்தோடதான் பல்லைப் பிடுங்கறீங்களா?"

"பல் இவ்வளவு சத்தம் போடாது சார்."

அதற்குப் பதில் சொல்ல மாஸ்டர் மூச்சை இழுத்தபோது செல்போன் அடித்தது. லைசென்ஸ் ஆபீஸ் நம்பர். மாஸ்டர் எடுத்தார்.

"ஹலோ, யாரு பேசறது?" என்றது எதிர்முனை.

"போன் பண்ணினவன்தான் முதல்ல தன் பேரைச் சொல்லணும். இதைக்கூடவா ஒருத்தர் சொல்லித் தரணும்?" என்று கட் செய்தார். கொஞ்ச நாளாகவே அந்த ஆபீஸிலிருந்து யாராவது கூப்பிடுவதும், மாஸ்டர் இதே பாடத்தை நடத்தி வைப்பதும் வழக்கமாகியிருந்தது. அவர்கள் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கூப்பிடத் தெரியாதவர்களிடம் காரணம் கேட்பது அவர் வழக்கமில்லை.

போனைப் பையில் போடுவதற்குள் மறுபடி அடித்தது. இந்த முறை மகள்.

காலையில் தனக்கு டிரைவிங் டெஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மாஸ்டர் கூடப் போகவில்லை. தான் போய் நின்றால் தன் முகத்துக்காகவே பாஸ் போட்டுவிடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

"அப்பா" என்றாள். குரல் கம்மியிருந்தது. "ஃபெயில்."

பல் டாக்டர் வண்டியை மறுபடி கிளப்ப முயன்று, அது மறுபடி நின்றது. மாஸ்டர் அவரைத் திட்டக்கூட மறந்தார்.

"எதுல?"

"ரிவர்ஸ் பார்க்கிங்ல கூம்பை இடிச்சுட்டேனாம். இடிக்கவே இல்லப்பா."

"இடிச்சிருப்பே. கடைசியில கழுத்தைத் திருப்ப மாட்டே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அதைத்தான் நானும் சொன்னேன். எங்கப்பா சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சேன்னு. அதுக்கு அந்த இன்ஸ்பெக்டரம்மா, சொல்லிக் குடுத்தவருக்கே சரியாத் தெரியலையோ என்னவோங்கறாங்க."

சிக்னல் சிவப்பாகியிருந்தது. மாஸ்டரின் முகம் அதைவிடச் சிவந்தது.

"என்ன சொன்னா?"

"விடுங்கப்பா. எதிர்க்கடைக்காரரும் அங்கேதான் நின்னாரு. சிரிச்சுட்டுப் போனாரு. நீங்க ஒண்ணும் வர வேண்டாம். வந்தாலும் அந்தம்மாகிட்ட உங்களால பேச முடியாது."

"டாக்டர், இறங்குங்க."

"சார், இது நடு ரோடு."

"கிளினிக் பக்கத்துலதானே? நடந்து போங்க. நடக்கறதுக்காவது லைசென்ஸ் வேண்டியதில்லை."

* * *

எதிர்க்கடைக்காரர் என்றால் ஸ்கூலுக்கு நேர் எதிரே இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். மாஸ்டரிடமே கற்றுக்கொண்டு போனவர். 'எங்களிடம் கற்றால் தவறாது' என்று மாஸ்டர் போர்டு வைத்தால், 'எங்களிடம் கற்றால் திட்டு விழாது' என்று அவர் போர்டு வைத்தார். அன்றிலிருந்து பாதிப் பேர் ரோட்டைத் தாண்டிவிட்டார்கள். மாஸ்டரின் சொந்த மகளே ஃபெயில் என்று தெரிந்தால் மீதிப் பேரும் தாண்டிவிடுவார்கள். அப்புறம் ஸ்கூலுக்கு ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான்.

இதெல்லாம் மனதில் கொதிக்க, சட்டை மாற்ற வீட்டுக்குள் நுழைந்தார். ஸ்கூலின் மாடியிலேயே வீடு.

மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். செய்தி தெரிந்திருக்கிறது.

"இன்னிக்கு இதை முடிச்சுட்டு வந்திருங்க. விட்டா ஸ்கூலே கைவிட்டுப் போயிடும்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நாளையோட கெடு..."

"எந்தக் கேடும் வராது. நான் இருக்கேன்ல."

மனைவி வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவருடைய சட்டையைப் பார்த்தாள். காலரிலிருந்து வயிறுவரை டீ.

"பரவாயில்ல, இப்படியே போங்க. கறை அப்படி ஒண்ணும் தெரியல. அங்க யாரு பாக்கப் போறாங்க?"

"யாரு பாக்கப் போறாங்களா? ஊரே பாக்கும். என் சட்டையைப் பாத்து என் ஸ்கூலை எடை போடறவன் எத்தனை பேர் இருக்கான் தெரியுமா?"

கதவுக்குப் பின்னால், வெளிர்நீலச் சட்டை ஒன்று மொறமொறவென்று இஸ்திரி போட்டு ஹாங்கரில் தொங்கியது. மாட்டிக்கொண்டார்.

"தலை கலைஞ்சிருக்கு. இருக்கட்டும், சீப்பைத் தேட நேரமாகும்."

மாஸ்டர் சீப்பைத் தேடி எடுத்து, வகிடு பிசகாமல் வாரிக்கொண்டார்.

"கண்ணாடியை இங்கேயே வெச்சிட்டுப் போங்க. கோவத்துல எங்கயாவது போட்டு உடைச்சிருவீங்க."

"என் கண்ணாடியை எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

"பழைய லைசென்ஸை எல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க. தொலைஞ்சா வேற தொல்லை."

மாஸ்டர் பீரோவைத் திறந்து, உறை போட்டுப் பாதுகாத்த லைசென்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அதை அந்த இன்ஸ்பெக்டரின் மேஜையில் ஓங்கி வைக்கப்போவதை நினைத்தபோது கொஞ்சம் இதமாக இருந்தது.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இவளுக்கு ஒரு விஷயமும் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று வருந்தியபடி படியிறங்கினார். மனைவி மாடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, சீவிய தலை, சட்டை, கண்ணாடி, புடைத்த சட்டைப் பை எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டு உள்ளே போனாள்.

* * *

லைசென்ஸ் ஆபீஸ் மைதானத்தின் கேட்டைத் திறந்த வாட்ச்மேனுக்கு மாஸ்டரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க மாஸ்டர். உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டே இருக்கோம். இன்னிக்கு உங்க..."

"கேட்டைத் திறக்கறது இப்படியா? தாழ்ப்பாளை முழுசா தூக்கிட்டுத் தள்ளணும். தரையைக் கீறிக்கிட்டே போகுது பாரு."

"அது இல்ல மாஸ்டர், இன்னிக்கு..."

"தொப்பி கோணல்."

வாட்ச்மேன் தொப்பியை நேராக வைத்துக்கொண்டு மேட்டுப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் போட்டிருந்த தன் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பினார். அந்த நாற்காலியின் கைகளுக்குத் துணி சுற்றி, சீட்டுக்குக் குஷன் வைத்து, அரசாங்கம் தராத வசதியையெல்லாம் அவரே செய்துகொண்டிருந்தார்.

மகள் மேட்டுப்பாதைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு அருகில் அட்டையும் பேனாவுமாக இன்ஸ்பெக்டர். சின்ன வயசு. முகத்தில் கோபம், சிரிப்பு எதுவும் இல்லை. மாஸ்டருக்கு அதுவே பிடிக்கவில்லை.

"நீதானா அது? நான் தப்பா சொல்லிக் குடுத்தேன்னு சொன்னது? இப்ப நானே ஓட்டறேன். சரியா இருந்தா என் பொண்ணுக்கு பாஸ் போடணும்."

இன்ஸ்பெக்டர் மகளைப் பார்த்தாள். மகள் கண்களாலேயே கும்பிட்டாள்.

"ஓட்டிக் காட்டுங்க சார். பாத்துட்டு சொல்றேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். "அதுக்கு முன்னாடி, இன்னிக்கு நடக்கப்போறது என்ன டெஸ்ட்னு நான் சொல்லணும். இது..."

"டெஸ்ட்னா என்னன்னு எனக்குச் சொல்றியா? நீ நடை வண்டி தள்ளின காலத்துலயே இந்த மைதானத்துல நான் எட்டுப் போட்டவன்."

"விதிப்படி நான் விளக்கம் சொல்லியாகணும் சார்."

"விதியை எழுதினவனுக்கே வண்டி கத்துக் குடுத்தவன் நான்."

"அப்போ சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"நிச்சயமா?"

"எனக்கு எதையுமே ரெண்டு தடவை சொல்ல வேண்டாம். ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் அட்டையில் எதையோ எழுதிக்கொண்டாள். மாஸ்டர் லைசென்ஸை எடுத்து, மேஜை இல்லாததால் காரின் பானெட் மேல் ஓங்கி வைத்தார். அவள் அதை எடுத்துப் பார்த்து, நம்பரைக் குறித்துக்கொண்டு, பவ்யமாகத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்சம் பயந்துவிட்டாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஸ்கூல் காரில் மாஸ்டர் டிரைவர் சீட்டில் ஏறினார். இன்ஸ்பெக்டர் அவருடைய வழக்கமான இடத்தில், இரண்டாவது பிரேக் இருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த பிரேக்கை இன்றுவரை அவர் கால் ஒன்றுதான் மிதித்திருக்கிறது.

அவர் கை பெல்ட்டைப் பிடித்துப் பாதி தூரம் இழுத்திருந்தது.

"பெல்ட் போடுங்க சார்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

கை நின்றது. பெல்ட் சரசரவென்று சுருண்டு பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

"போடத்தான் போனேன். இப்ப போட்டா நீ சொல்லிப் போட்ட மாதிரி ஆயிடும்."

அட்டையில் பேனா ஒரு கோடு போட்டது.

கார் ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸில் நுழைந்தது. அழகாகத்தான் நுழைந்தது. மாஸ்டரின் கை அப்படி. ஆயிரம் தடவை செய்த வேலையை அது தன் பாட்டில் செய்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் மெதுவா சார்."

மாஸ்டர் ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார்.

"வலது பக்கம் ஒடிங்க."

மாஸ்டர் இடது பக்கம் ஒடித்தார்.

பம்பருக்கு அடியிலிருந்து 'கரக்' என்று ஒரு சத்தம் வந்தது. மாஸ்டர் இறங்கிப் பார்த்தார். கூம்பு சப்பையாகி வண்டிக்கு அடியில் படுத்திருந்தது.

"யாரு இதை இங்கே வெச்சது?"

"அது எப்பவும் அங்கேதான் இருக்கும் மாஸ்டர்" என்றார் ஓடி வந்த வாட்ச்மேன்.

"அப்போ எப்பவும் தப்பாவே இருந்திருக்கு. என் பொண்ணு இடிச்சதும் இதனாலதான். எடு அதை. அந்தப் பக்கத்துலேயும் எடு. வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் கூம்பு எதுக்கு?"

வாட்ச்மேன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு லேசாகப் புரிய ஆரம்பித்திருந்தது. வாட்ச்மேன் கூம்புகளை அள்ளிக்கொண்டு போனார்.

கூம்புகள் அங்கே நின்றது பின்னால் சுவர் இருக்கிறது என்று காட்டத்தான். மாஸ்டர் இரண்டாம் முறை வேகமாக வந்து, சுவர் என்ன நிறம் என்று காருக்குத் தெரிவித்தார். பின் விளக்கு ஒன்று உடைந்து சிதறியது.

"சுவர் நேரா இல்ல" என்றார் மாஸ்டர்.

அடுத்தது மேட்டுப்பாதை. ஏறும் வழியில் நிறுத்தி, வண்டி பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும்.

"ஹேண்ட்பிரேக் போட்டுக்கங்க சார்" என்று இன்ஸ்பெக்டரின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

ஹேண்ட்பிரேக்கின் மேல் ஏற்கெனவே இருந்த மாஸ்டரின் கை, அதைத் தொடவே இல்லை என்பதுபோல மேலே எழுந்து மீசையைத் தடவியது. கார் பின்னால் உருண்டது. நிதானமாக, யாரையும் அவசரப்படுத்தாமல் உருண்டது. இன்ஸ்பெக்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பதற்குள், துணி சுற்றிய கைகளும் குஷனுமாக இருந்த அந்த நாற்காலி நான்கு காலையும் நான்கு திசையில் நீட்டிவிட்டது.

வாட்ச்மேன் தூரத்தில் கூம்புகளோடு நின்று அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"என் வண்டியில என் பிரேக்கை மிதிக்கறது யாரு?" என்றார் மாஸ்டர்.

"நான்தான் சார். மிதிச்சுட்டேன்னா அந்தச் சுற்று முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்." இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பினாள். "இன்னும் ஒரே ஒரு சான்ஸ். அதுவும் போச்சுன்னா அவ்வளவுதான் சார். ஸ்கூலுக்குத்தான் கஷ்டம்."

"என் பொண்ணுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கறதுக்கு இவ்வளவு பீடிகையா?"

"சார், உங்க பொண்ணு..."

"அவளைப் பத்தி நீ பேசாதே. அவ ஓட்டறது தப்புன்னா சொல்றதுக்கு நான் இருக்கேன்."

* * *

மகள் சுவரோரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கி உடைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டரின் காதில் அரைகுறையாக விழுந்தது.

"ஆமாம்மா... போடல... சொல்லிட்டாங்கம்மா. அதேதான், மேடம் சொல்லிட்டாங்க... எல்லாத்தையும் சொல்லிட்டாங்க... சரி. நானே உட்காந்துக்கறேன்."

தாயும் மகளும் சேர்ந்து தன்னைப் பற்றித்தான் ஏதோ குறை பேசுகிறார்கள் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. ஒரு மனுஷன் இவர்களுக்காகத்தான் வெயிலில் நிற்கிறான். ஒரு வார்த்தை நன்றி இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குறை சொல்வது ஒன்றுதான். அவருக்குப் பிடிக்காத குணம் உலகத்தில் இது ஒன்றுதான்.

மகள் வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், இந்த ரவுண்டுல நான் பின் சீட்டுல உட்காந்துக்கலாமா?"

"உட்காரலாம். ஆனா ஓட்டறவருக்கு உதவியா ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சரியான வழியைச் சொன்னீங்கன்னா ரத்து பண்ணிடுவேன்."

"ஒரு வார்த்தைகூட சரியா சொல்ல மாட்டேன் மேடம்."

இன்ஸ்பெக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் காரில் ஏறினாள்.

மாஸ்டர் உட்கார்ந்தார். சாவியைத் தொட்டார்.

"அப்பா, பெல்ட் எதுக்குப்பா? சட்டை கசங்கிடும்" என்றது பின் சீட்.

"சட்டை கசங்குமா? உயிர் கசங்கினா பரவாயில்லையா?" பெல்ட் 'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டது.

"கண்ணாடியெல்லாம் பாக்காதீங்க. நேரமாச்சு. சட்டுனு எடுங்க."

"இதனாலதான் நீ ஃபெயில்." மாஸ்டர் நடுக் கண்ணாடியைத் திருத்தினார். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பார்த்தார். அதோடு நிற்காமல் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் பார்த்தார். "பாத்துக்கோ. இப்படித்தான் நான் சொல்லிக் குடுத்தேன். எந்தக் காதுல வாங்கினே?"

"இண்டிகேட்டர் வேண்டாம்ப்பா. காலி மைதானத்துல யாருக்குக் காட்டப் போறீங்க?"

இண்டிகேட்டர் கண் சிமிட்ட ஆரம்பித்தது.

வாட்ச்மேன் கூம்புகளைப் பழைய இடத்தில் வைத்திருந்தார். சப்பையாகிப்போன ஒன்றைத் தட்டி நிமிர்த்தி, அதையும் வைத்திருந்தார். கார் ரிவர்ஸில் மெல்ல வந்தது.

"இப்ப ஒடிங்கப்பா. ஃபுல்லா. இப்பவே."

"இப்ப ஒடிச்சா கூம்புல போய் விழும். பொறுமைன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா?" மாஸ்டர் ஒரு விநாடி பொறுத்தார். ஒடித்தார். கார் கூம்புகளுக்கு நடுவே, உறைக்குள் மூக்குக் கண்ணாடி நுழைவதுபோல நுழைந்து நின்றது.

இன்ஸ்பெக்டரின் பேனா அசைந்தது. இந்த முறை அது கோடு போடவில்லை.

மேட்டில் ஏறினார்கள்.

"ஹேண்ட்பிரேக் வேண்டாம்ப்பா. காலாலயே சமாளிச்சுடலாம். எதிர்க்கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாராம்."

"அவனா?" ஹேண்ட்பிரேக் 'கர்ரக்' என்று கடைசிப் பல்வரை ஏறியது. "அவனுக்கு நான் எவ்வளவு சொல்லிக் குடுத்தும் மேடு ஏற வரல. இப்ப பாரு." கார் நூலளவு பின்னால் போகாமல், பூனை நடப்பதுபோல மேலே ஏறியது.

மேட்டின் உச்சியிலிருந்து சரிவு. சரிவின் முடிவில் நிற்க வேண்டிய வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் பாக்கி.

கார் சரிவில் இறங்கியது. மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த தப்பை யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாட்ச்மேன், உடைந்த நாற்காலியின் கால்களைக் கையில் அடுக்கிக்கொண்டு, குஷனைத் தலையில் வைத்துக்கொண்டு, துக்கத்தில் எதையும் பார்க்காமல் வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து வந்தார்.

"அப்பா, பிரேக் போடுங்க" என்று கத்திவிட்டாள் மகள்.

கத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. இன்ஸ்பெக்டரின் தலை பின்பக்கம் திரும்பியது.

மாஸ்டரின் வலது கால் ஏற்கெனவே பிரேக்கை நோக்கிக் கிளம்பியிருந்தது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும், பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. எங்கே பிரேக் போட வேண்டும் என்று இவரிடம் சொல்வதா? அதுவும் ஃபெயிலான பெண்ணா? கால் கொஞ்சம் நகர்ந்தது. ஆக்ஸிலேட்டர் பக்கமாக.

குஷனுக்கு அடியில் வாட்ச்மேனின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்ஸ்பெக்டரின் கால் தன் பக்கத்து பிரேக்குக்கு மேலே போய் நின்றது. மிதித்தால் எல்லாம் முடிந்தது. மிதிக்காவிட்டால் வாட்ச்மேன் முடிந்தார்.

"வேண்டாம்ப்பா" என்று மகள் மூச்சுவிடாமல் பேசினாள். "தெரியாம சொல்லிட்டேன். போடாதீங்க. போங்க, போங்க, அவரே ஒதுங்கிடுவாரு. பிரேக் போட்டீங்கன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"ஆள் நிக்கறான், போகச் சொல்றியா?"

கால் பிரேக்கில் இறங்கியது. கார் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு விரல்கடை முன்னால், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. வாட்ச்மேனின் தலையிலிருந்த குஷன் மட்டும் நழுவி, பானெட்டின் மேல் மெத்தென்று விழுந்தது.

மாஸ்டர் ஹேண்ட்பிரேக் போட்டார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். எஞ்சினை அணைத்தார். பிறகு பின்னால் திரும்பினார்.

"மூளை இருக்கா உனக்கு? நீ சொன்னபடி செஞ்சிருந்தா அந்த ஆள் கதி என்ன? நீ சொன்ன ஒண்ணாவது சரியா? ஒண்ணு?"

"ஒண்ணு சரியாச் சொன்னேன்ப்பா" என்றாள் மகள். "அதுதான் பயந்துட்டேன்."

"பின் சீட்டுல உட்காந்து பேசறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தான் செய்யறது தப்புன்னு யாராவது சொன்னா கேக்கணும். கேக்கற குணமே உங்கிட்ட இல்ல. யாருகிட்டேருந்து வந்துச்சோ."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, அட்டையிலிருந்து தாளை எடுத்தாள்.

"கடைசியில ஒரு வார்த்தை சரியாச் சொன்னாங்க. ஆனா அது உதவியா இருந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். "இந்தச் சுற்றுல ஒரு குறையும் இல்ல சார். பாஸ்."

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மைதானத்தில் எதிர்க்கடைக்காரர் எங்காவது நிற்கிறாரா என்று ஒரு சுற்றுப் பார்த்தார். இல்லை. நல்லதெல்லாம் நடக்கும்போது அவன் எங்கே இருக்கப் போகிறான்?

"அப்போ நான் சொல்லிக் குடுத்ததுல தப்பில்லைன்னு ஒத்துக்கறே?"

"ஓட்டினதுல தப்பில்ல சார். கையெழுத்துப் போடணும். ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"எனக்குப் படிக்கச் சொல்லித் தர்றியா?" மாஸ்டர் பேனாவைப் பிடுங்கி, தாளின் பக்கமே பார்க்காமல், சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டார். "பேனாவைப் பிடிக்கறது இப்படி. உன்னை மாதிரி முட்டியை மடக்கி இல்ல."

"சரிங்க சார்."

அவள் சட்டென்று ஒத்துக்கொண்டது மாஸ்டருக்கு என்னவோபோல் இருந்தது. சண்டை பாதியில் நின்றுபோன ஏமாற்றம். மகளைப் பார்த்தார். அவள் காரில் சாய்ந்துகொண்டு, யாருக்கோ போனில் ஒரே ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரம். பாஸான சந்தோஷம். போகட்டும். அவளுக்கும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று நினைத்தார்.

"முழுசா மோசம்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

மகள் சிரித்தாள். "போதும்ப்பா. இதுவே ஜாஸ்தி."

வாட்ச்மேன் பானெட்டிலிருந்து தன் குஷனை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் அவரிடம் தாளைக் கொடுத்து ஏதோ சொன்னாள். அவர் மாஸ்டரின் முன்னால் வந்து நின்று, அவர் சொல்லியிருந்தபடி தொப்பியை நேராக வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், உள்ளே வாங்க. போட்டோ எடுக்கணும். நல்லவேளை, நல்ல சட்டையாப் போட்டுட்டு வந்திருக்கீங்க."

"எனக்கு எதுக்குய்யா போட்டோ? உனக்கு ஒரு வேலையும் ஒழுங்காத் தெரியாதா? பாஸானது என் பொண்ணு. அவளைக் கூப்பிடு."

வாட்ச்மேன் மகளைப் பார்த்தார். மகள் அவசரமாக வானத்தைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் தன் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். வாட்ச்மேன் உடைந்த நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட்டு, இந்தத் தடவை யார் குறுக்கே பேசினாலும் நிறுத்துவதில்லை என்ற முடிவோடு வாயைத் திறந்தார்.

"பாப்பாவுக்குத்தான் போன வாரமே முதல் ரவுண்டுலயே பாஸ் போட்டு, லைசென்ஸையும் கையில குடுத்தாச்சே மாஸ்டர். வயசான மாஸ்டருங்க எல்லாரும் மறுபடி ஓட்டிக் காட்டணும், இல்லேன்னா ஸ்கூலை மூடணும்னு நாங்க போன் மேல போன் போட்டு, கடைசியில பாப்பாகிட்ட சொல்லி விட்டோம்ல, இன்னிக்கு நடந்தது அந்த டெஸ்ட்டு."